நிற்பதற்கான செலவு

எங்கள் ஊரில் ஒருவர் கார் வாங்கிவிட்டால், நாலு பேர் வந்து சுற்றி நின்று கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்? ஏ.சி. நன்றாகக் குளிருமா? அடிபட்ட வண்டியா, கம்பனிப் பெயின்டா? நாளைக்கு விற்கப்போனால் போட்ட காசு வருமா? எல்லாம் கேட்பார்கள். 'நிற்குமா?' என்று யாரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

முப்பது வருடம் பாடசாலையில் படிப்பித்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் நான் வாங்கியது ஒரு பழைய டொயோட்டா கொரோலா. நம்மவர் வாயில் அது 'நூற்றிப்பத்து'. ஓட்டோ கியர். முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக், பின் சில்லுகளுக்கு ட்ரம். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி வரையும் புதிய கார்கள் இந்நாட்டுக்கு வரவில்லை. அந்த ஐந்து வருடத்தில் என் பழைய காருக்கு ஏறிய விலையைக் கேட்டு எனக்குள் ஒரு பெருமிதம் ஊறிப்போனது. ஆசன உறை மாற்றினேன். பாட்டுக் கேட்க நல்ல செட் ஒன்று பூட்டினேன். பெயின்டைப் பளபளப்பாக்க இரண்டு தடவை செலவழித்தேன். பிரேக்குக்கென்று நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். பேட் தேய்ந்துவிட்டது என்று சொன்னபோது, ஒரு கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த பெட்டியைக் காட்டி, 'இதையே தாங்க' என்றேன்.

2023 டிசம்பர் விடுமுறையில் மனைவியையும் மகளின் எட்டு வயதுப் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போனோம். போன பயணத்தில் குறையொன்றுமில்லை. திரும்பிவரும்போதுதான் எல்லாம் நடந்தது.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. லபுக்கலை, இறம்பொடை வழியாகக் கம்பளைக்கு வந்து சேரும்போது நாம் ஐந்நூறு மீற்றரளவில் நிற்போம். இடையிலுள்ள தேயிலை மலைகளை ரசித்துக்கொண்டு நாம் இறங்கும்போது, ஆயிரத்து முந்நூறு மீற்றர் உயரத்தையும் கார் எங்கேயாவது கொட்டியாக வேண்டும். இதைப் பின்னால் ஒருநாள் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்களோடு ஆயிரத்து முந்நூறு கிலோ நிறையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஐம்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. இயந்திரமும் காற்றும் டயரும் அதில் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விழும். பிரேக் செய்வது அதைத்தான். ஓட்டத்தைச் சூடாக மாற்றிக் காற்றுக்குக் கொடுக்கிறது. கொடுக்கும் வேகத்தைவிடச் சூடு சேரும் வேகம் கூடிவிட்டால், அப்புறம் அதனிடம் எதையும் எதிர்பார்க்க முடியாது.

இறம்பொடையை அடையுமுன்பே ஒரு வாடை வந்தது. கருகிய றப்பர் போலவும் இல்லை, பெற்றோல் போலவும் இல்லை. 'முன்னால போற லொறியிலிருந்து வருது' என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு வளைவுகள் தாண்டியதும் மிதி பஞ்சுபோல இருந்தது. அடுத்த வளைவில் மிதித்தேன். கால் அப்படியே கீழே போய்த் தட்டில் முட்டியது. கார் நிற்கவில்லை.

பாதை ஓரத்தில் கரட்டும் லீக்ஸும் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டிருந்த சிறிய கடை ஒன்று. அதற்கு முன்னால் ஒரு பெண் குந்தியிருந்து கரட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பையன். கோர்ன் அடிக்கவும் எனக்குத் தோன்றவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஸ்டியரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தேன். இடப்பக்கச் சில்லுகள் கானுக்குள் இறங்கின. வண்டியின் வயிறு கொங்கிறீட்டில் உராய்ந்துகொண்டே போய், மண் அணையில் இடித்து நின்றது. கடைக்கும் எங்களுக்கும் பத்து யார் இடைவெளிகூட இல்லை. மனைவி பேச்சில்லாமல் பிள்ளையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிள்ளைதான் முதலில் பேசியது. "மூத்தாப்பா, வந்துட்டமா?" என்று கேட்டது.

முன் சில்லுகளிலிருந்து புகை வந்தது. அந்தப் பெண் கரட் கழுவிய வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். மேலேயிருந்து வந்து நிறுத்திய லொறிக்காரர் ஒருவர் கையை விரித்துத் தடுத்தார். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வெடித்துப்போகும் என்று சிங்களத்தில் சொன்னார். அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து காரைக் கானிலிருந்து தூக்கிவிட்டார்கள். முக்கால் மணித்தியாலம் கழித்து மிதித்துப் பார்த்தேன். மிதி பழையபடி கெட்டியாக இருந்தது. ஒன்றுமே நடக்காததுபோல.

அன்றிலிருந்து நான் இந்தக் கதையைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். வீட்டில், பள்ளிவாசல் முற்றத்தில், கல்யாண வீடுகளில். எங்கே சொன்னாலும் கதையின் முடிவு ஒன்றுதான். 'போலிப் பேட்டைத் தலையில கட்டிட்டான். நம்பி வாங்கினதுக்குக் கிடைச்ச பலன்.' கேட்டவர்கள் தலையாட்டினார்கள். தங்களுக்கு நடந்த மோசடிகளைச் சொன்னார்கள். கதை எடுபட்டது. நான் எவருக்கும் சொல்லாத பகுதி ஒன்று அதில் இருந்தது. அது பின்னால் வரும்.

கத்தாரில் வேலை செய்யும் மகனுக்கும் தொலைபேசியில் இதே கதையைத்தான் சொன்னேன். அவன் சிறுவயதிலிருந்தே கார்ப் பைத்தியம். அந்தப் பக்கத்தில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "வாப்பா, அந்தக் காரத் தொடவேணாம். நான் வாறன்" என்றான்.

2024 ஓகஸ்டில் வந்தான். வழமையாக அவன் வந்தால் பெட்டி திறக்கும் நேரம் வீட்டில் ஒரு பெருநாள். இந்தமுறை பெட்டியின் நடுவில் துவாய்க்குள் சுற்றி இரண்டு இரும்புத் தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து கிலோவை ஒட்டிய பாரம். கொண்டுவர அனுமதித்த முப்பது கிலோவில் மூன்றிலொன்றை அவை தின்றிருந்தன. பால்மாவும் சொக்லட்டும் உம்மாவுக்கு எடுத்துவைத்த போர்வையும் அறையிலேயே நின்றுவிட்டதாம். இரண்டு மாத ஓவர்டைம் காசில் இணையத்தில் ஓடர் பண்ணி எடுப்பித்த பேர்போமன்ஸ் டிஸ்க்குகள். முகத்தில் வளைவு வளைவாகக் காடி வெட்டியிருந்தது. கூடவே ஒரு பெட்டியில் ரேஸ் பேட்டுகள்.

கம்பளைக்கு, எனக்குத் தெரிந்த பாஸின் கராஜுக்குப் போகும் வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் பிரெடெரிக் லான்செஸ்டர் என்பவர் 1902 இலேயே காப்புரிமை எடுத்துவிட்டார். ஆனாலும் உலகம் அதைத் திரும்பிப் பார்க்க அரை நூற்றாண்டு சென்றது. 1953 இல் பிரான்சின் லெ மான் இருபத்துநான்கு மணித்தியால ஓட்டப் போட்டியில், டன்லொப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜகுவார் சீ-டைப் கார் முதலாவதாக வந்தது. நேர்ப்பாதையில் எல்லோரும்தான் பறப்பார்கள். வளைவு வரும்போது மற்றவர்களைவிடப் பிந்திப் பிரேக் பிடிக்க முடிந்ததும், அதை மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்ததும்தான் அந்தக் காருக்குக் கை கொடுத்தது. "பிரேக் நல்லமெண்டாத்தான் வாப்பா வேகமாப் போக ஏலும்" என்றான். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பாஸ் அறுபது கடந்தவர். சில்லைக் கழற்றினார். பழைய டிஸ்க்கை விரலால் தடவினார். தட்டின் முகத்தில் நீலம் பூத்திருந்தது. விளிம்பில் தேய்ந்து ஒரு வரம்பு கட்டியிருந்தது. அளந்து பார்த்துவிட்டு, இதற்குக் கீழே தேயக்கூடாது என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் அளவை எனக்குக் காட்டினார். நாங்கள் அந்த அளவைக் கடந்து எவ்வளவோ காலம்.

மகன் கொண்டுவந்ததைக் கையிலெடுத்துப் பார்த்தார். "சாமான் நல்ல சாமான். ஆனா சைஸ் பழைய சைஸ்தான். அதால பிடிக்கிற பலம் கூடாது. சூடு தாங்குறதுதான் கூடும்" என்றார். பெரிய டிஸ்க் என்றால் நெம்புகோல் நீளும், பிடி கூடும். அதற்குக் கலிப்பரும் மாற வேண்டும், சில்லும் பெரிதாக வேண்டும். இந்தக் காடிகள் பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சேரும் தூசியையும் வாயுவையும் வழித்துத் தள்ளும். அதற்குக் கூலியாகப் பேட் கொஞ்சம் கெதியாகத் தேயும். ஓட்டை ஓட்டையாகத் துளைத்த டிஸ்க்கும் வருகிறது. பார்க்க அழகு. சூடேறி ஆறி, சூடேறி ஆறி அந்தத் துளைகளின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு ஓடும். "தம்பி அத வாங்காம இத வாங்கினது புத்தி" என்றார். மகனின் முகம் மலர்ந்தது.

பேட் பெட்டியைத் திறந்ததும் பாஸ் தலையை ஆட்டினார். "இது வேணாம்."

ரேஸ் பேட், சூடேறிய பிறகுதான் கடிக்கும். ஓட்டப் போட்டியில் அது எப்போதும் சூடாகவே இருக்கும். காலையில் வீட்டு வாசலால் காரை எடுக்கிறபோது ஒரு பிள்ளை குறுக்கே ஓடினால், குளிர்ந்த பேட் வழுக்கிக்கொண்டு போகும். பாஸ் தன் அலுமாரியிலிருந்து சாதாரண பேட் ஒன்றை எடுத்து, முதுகில் அடித்திருந்த இரண்டு எழுத்துகளைக் காட்டினார். எஃப், எஃப். முதல் எழுத்து சாதாரண நிலையில் அதன் உராய்வு, இரண்டாவது சூடேறிய நிலையில். ஈ என்றால் 0.25 முதல் 0.35 வரை. எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை. இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் சூட்டிலும் ஓரளவு ஒரே மாதிரிப் பிடிக்கும். என் காரிலிருந்து கழற்றிய பேட்டைத் திருப்பிப் பார்த்தோம். அதில் எழுத்தே இல்லை.

மகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பாருங்க, இந்த மாதிரிச் சாமானாலதான் எங்கட வாப்பாவும் உம்மாவும் சாகப் போனாங்க. இப்ப நல்ல பேட் கொண்டு வந்தா அதையும் வேணாங்கிறீங்க. அப்ப என்னத்தப் போடுறது?"

பாஸ் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பிரேக் ஒயில் குப்பியின் மூடியைத் திறந்து, ஒரு துண்டு வெள்ளைத் துணியை விட்டு எடுத்தார். பிளேன்டீ நிறம். "இது எப்ப மாத்தினது சேர்?" என்றார்.

நான் மாற்றியதே இல்லை. மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததும் இல்லை.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 4 என்ற வகை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸுக்கு முன்னால் கொதிக்கக்கூடாது. அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். டொட் 3 என்றால் 205 பாகை 140 ஆக இறங்கிவிடும். இறுக்கும்போது ஒயில் சுருங்காது. அதனால்தான் காலின் அழுத்தம் சில்லுக்குப் போகிறது. கொதித்து ஆவியானால் ஆவி சுருங்கும். நாம் மிதிப்பதெல்லாம் குமிழியைத்தான். ஆறியதும் ஆவி மறுபடி ஒயிலாகிவிடும். மிதி திரும்பிவரும். இறம்பொடையில் முக்கால் மணித்தியாலத்தில் 'ஒன்றுமே நடக்காததுபோல' ஆனதன் மர்மம் அதுதான்.

"பேட் மட்டும் காஞ்சா மிதி கல்லு மாதிரி நிக்கும், கார் நிக்காது. ஒங்களுக்கு மிதி கீழ போயிருக்கி. அது ஒயில்" என்றார் பாஸ். பிறகு நீலம் பூத்த டிஸ்க்கை மறுபடியும் கையிலெடுத்து, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எந்த கியர்ல எறங்கினீங்க சேர்?"

இதுதான் நான் எவருக்கும் சொல்லாத பகுதி.

என் காரின் கியர்த் தண்டில் டீக்குக் கீழே இரண்டு, எல் என்று இரு இடங்கள் உள்ளன. மலை இறங்கும்போது அங்கே தள்ளினால் இயந்திரமே காரைப் பிடித்து இழுக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். பாதையோரப் பலகைகளும் அதைத்தான் சொல்கின்றன. நான் அதைச் செய்யவில்லை. இரண்டில் போட்டால் இயந்திரம் இரையும். இரைந்தால் பெற்றோல் குடிக்கும் என்று நினைத்தேன். நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வரை டீயிலேயே, பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தேன். மனைவி லபுக்கலையிலேயே சொன்னாள்: "சத்தம் கேட்டாலும் பரவாயில்ல, கியரக் குறைங்க. தம்பி அப்படித்தானே ஓட்டுவார்." அவளுடைய தம்பி பஸ் சாரதி. "ஒனக்கென்ன தெரியும்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான் எட்டு மாதமாக மறைத்துவைத்திருந்தேன். அவளும் யாரிடமும் சொல்லவில்லை. நான் சபைகளில் போலிப் பேட் கதை சொல்லும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாள்.

கராஜில் எண்ணெய் படிந்த பலகை வாங்கில் இருந்துகொண்டு, மகனுக்கு முன்னால் அதைச் சொன்னேன். 'பேட்டும் மோசம்தான்' என்று தொடங்கப் பார்த்தேன். குரல் எடுபடவில்லை. முழுவதையும் சொன்னேன். அவன் கையிலிருந்த ரேஸ் பேட்டைப் பார்த்தபடி நின்றான். இரண்டு மாத ஓவர்டைம், விட்டுவந்த போர்வை எல்லாம் அந்தக் கையில் இருந்தன. கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "உம்மா எனக்கும் சொல்லயில்லயே" என்று மட்டும் சொன்னான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, பாஸுக்கு உதவப் போனான்.

புதிய டிஸ்க்குகள் ஏறின. அதற்குமுன் ஹப்பின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்தார் பாஸ். ஒரு பொடித் துகள் நடுவில் சிக்கினாலும் டிஸ்க் நேராக நிற்காதாம். கலிப்பர் ஆணிகளைக் கழுவி, அதற்குரிய கிறீஸ் பூசினார். எஃப் எஃப் பேட்டுகளைப் போட்டார். பின் ட்ரம்களைத் திறந்து ஷூக்களைச் சரிபார்த்தார். மகன் உள்ளே இருந்து மிதிக்க, பாஸ் தூரத்திலுள்ள இடப்பக்கப் பின் சில்லிலிருந்து தொடங்கி, நிப்பிளைத் திறந்து பழைய ஒயிலை வெளியேற்றினார். "அமத்துங்க... பிடிங்க... விடுங்க." அந்தக் கறுத்த ஒயில் போத்தலில் நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுச் செட்டுக்கு நான் கொடுத்த காசில் எத்தனை தடவை இதை மாற்றியிருக்கலாம் என்று மனம் கணக்குப் பார்த்தது.

கடைசியில் பாஸ் நான்கு டயர்களையும் நகத்தால் கீறிப் பார்த்தார். பிரேக் நிறுத்துவது சில்லை மட்டும்தான், காரை நிறுத்துவது டயர் என்றார். பின்னிரண்டையும் மாற்றச் சொன்னார். மாற்றினேன்.

புதிய பேட்டைப் பழக்க வேண்டும். பேராதனைப் பக்கமாக வாகனம் குறைந்த நேரம் பார்த்துப் போனோம். அறுபதில் ஓடி, இருபதுக்கு மெதுவாகக் குறைத்து, முழுதாக நிறுத்தாமல் மறுபடி அறுபது. இப்படிப் பத்துத் தடவை. பேட்டின் ஒரு மெல்லிய படலம் டிஸ்க்கின் முகத்தில் சமமாக ஏறும்வரை இதைச் செய்ய வேண்டுமாம். சூட்டோடு நிறுத்திக் காலை அமத்தி வைத்திருந்தால், அந்த இடத்தில் மட்டும் அச்சு விழுந்து பிறகு மிதி அதிரும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை வளைவல்ல, இந்த அச்சுத்தான் என்றான் மகன். ரேஸ் பேட்டுகளைத் திரும்பக் கொண்டுபோய் யாருக்காவது விற்றுக்கொள்வதாகவும் சொன்னான்.

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. 2025 மே 11 அதிகாலையில் கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த விபத்தின் காரணத்தைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அது நான் இறங்கிய அதே பாதை. செய்தி கேட்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கரட் கழுவிக்கொண்டிருந்த பெண்ணும் பையனும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். நான் பரப்பிய கதையை நம்பி, நல்ல பேட் வாங்கிப் போட்டுவிட்டு டீயிலேயே மலை இறங்குபவர்கள் எத்தனை பேர் இருப்பார்களோ என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் மறுபடி நுவரெலியாவுக்குப் போனோம். திரும்பும்போது லபுக்கலையில் நான் கையை எடுக்குமுன்பே பேத்தி பின்னாலிருந்து, "மூத்தாப்பா, ரெண்டுல" என்றது. உம்மும்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இயந்திரம் இரைந்தது. அந்த இரைச்சல் இறம்பொடை வரையும் எங்களோடு வந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பார்த்துச் சிரித்ததைக் கண்ணாடியில் கண்டேன்.

அந்தக் கடையில் நிறுத்தினேன். மிதித்த இடத்தில் நின்றது. அவள் என்னை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. முன் சில்லுகளைக் குனிந்து பார்த்தாள்.

"இந்தத் தடவ பொக வரலிங்களே ஐயா" என்றாள்.

இரண்டு கட்டுக் கரட்டும் ஒரு கட்டு லீக்ஸும் வாங்கினேன். விலை பேசவில்லை.